ஒரிஜினல் கிராமத்துக்கு ஒரு வாழ்த்துரை

இந்த ஆனந்தலோகக் கேளிக்கை நகரின் முதலாண்டு நிறைவு விழாவுக்குத் தலைமை தாங்கும் தகைசால் பெரியவர், குடியிருப்போர் சங்கத் தலைவர் இருதயராஜ் அவர்களே, அரண்மனை விடுதி, கானக விடுதி, கிராம விடுதி என மூன்றையும் முப்பொழுதும் காத்துவரும் மேலாளர் ராகவன் அவர்களே, அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஆவலோடு வந்திருக்கும் அன்பர்களே, பந்தலுக்குள் நாற்காலி கிடைத்த தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் குத்தம்பாக்கத்துத் தாய்மார்களே, எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, பொத்தானை அமுக்கினால் மட்டும் 'அம்மா' என்று அழைக்கும் பைபர் பசுவே, உங்கள் அனைவருக்கும் திருநின்றவூர்த் தமிழாசிரியன் பாண்டியனின் பணிவான வணக்கம்.

மைக் ஏன் இப்படி அலறுகிறது? நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே. அடடா, மேலாளரே எழுந்து வருகிறார். மைக்செட் தம்பியைப் பார்த்து அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டதா? "இன்னாபா இது, ஒயரு லூசா கீது, நீ பாத்துகினு நிக்கிற?" கேட்டதாம். கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாம். நன்றி, மேலாளர் அவர்களே. தாங்கள் அமருங்கள். அந்தச் சொல்லுக்கு நான் பிறகு வருகிறேன்.

வாழ்த்துரை வழங்க என்னை அழைத்திருக்கிறார்கள். வஞ்சனை இல்லாமல் வாழ்த்துகிறேன். முதலில் அரண்மனை விடுதி. அங்கே தங்குகிறவர் அத்தனை பேரும் அரசர்கள். காலையில் அந்த அரசர்கள் எல்லோரும் தட்டேந்தி வரிசையில் நின்று தோசை வாங்குகிறார்கள். எந்த நாட்டில் உண்டு இந்தச் சமத்துவம்? எந்தப் புரட்சி கொண்டுவந்தது இந்தப் பொன்னுலகை?

அடுத்தது கானக விடுதி. மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி, அதில் மாலையானால் தவளைச் சத்தம். பக்கத்துக் குட்டையில் உண்மையான தவளைகள் கொஞ்சம் கத்திவிட்டன. விருந்தினருக்குத் தூக்கம் கெட்டது என்று குட்டைக்கு மருந்தடித்தார்கள். உண்மைத் தவளை ஊமையானது, ஒலிபெருக்கித் தவளை உத்தியோகத்தில் இருக்கிறது. சிரிக்காதீர்கள் அம்மா, நாம் எல்லோரும் எந்தத் தவளை என்று இன்னும் முடிவாகவில்லை.

மூன்றாவது, நாம் கூடியிருக்கும் இந்தக் கிராம விடுதி. சுவர் கான்கிரீட், அதன் மேல் மண் நிறம். கூரை ஓலை, அதன் கீழே ஏசி. மாட்டு வண்டிக்கு சீட் பெல்ட். சேவல் காலை ஒன்பது மணிக்குக் கூவும், ஏனென்றால் விருந்தினர் அப்போதுதான் எழுந்திருப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் வீட்டுச் சேவல் விடியற்காலையில் கூவித் தொலைக்கிறது. அதைக் கட்டிப்போடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நியாயம்தானே? கிராமத்துக்குப் பக்கத்தில் கிராமம் இருந்தால் கிராமத்துக்கு இடைஞ்சல் இல்லையா?

பசு வந்தது, வண்டி வந்தது, சேவல் வந்தது. கிராமத்து மக்கள் வேண்டாமா? வாசலில் நின்று வரவேற்க இந்தக் குத்தம்பாக்கத்திலிருந்தே பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அதை மட்டும் நான் மனதாரப் பாராட்டுகிறேன். பிறகு அந்தப் பெண்களுக்குக் கிராமத்துத் தமிழ் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவன். "வாங்க அப்பு, நல்லாருக்கீகளா" என்று எங்கள் ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். "ஐயா, குத்தம்பாக்கத்துக் கிராமத்தார் குத்தம்பாக்கத்துத் தமிழ் பேசினால் என்ன?" என்று கேட்டேன். மேலாளர் சொன்னார், "சார், அது மெட்ராஸ் பாஷை. கெஸ்டு சினிமாவுல பாத்த கிராமத்தத் தேடி வராங்க." கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வேறொருவர் வந்து கற்றுக்கொடுத்தார்.

அந்தப் பெண்களில் ஒருவர் கன்னியம்மா. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பார். 'நல்லாருக்கீகளா' என்பதை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டுக்குப் போனதும் மகள் காவ்யாவிடமும் அப்படியே சொல்லித் தொலைத்தாராம். "யம்மா, யார் ஊட்ல பேசிகினு கீற?" என்று கேட்டாளாம் மகள். அந்த மகளைப் பூந்தமல்லியில் கல்லூரியில் சேர்த்ததே இந்த வேலையை நம்பித்தான்.

போன வாரம் ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. கூட வந்த குழந்தை, பசுவின் பொத்தானை யாரோ அமுக்கியதும் பயந்து வீறிட்டு அழுதது. தாய் கெஞ்சினார், தகப்பன் மிரட்டினார், அழுகை நிற்கவில்லை. கன்னியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புவும் மறந்தது, 'கீகளா'வும் மறந்தது. குழந்தை முன்னால் குந்திக்கொண்டு, "இன்னா கண்ணு, ஏன் அயுவுற? அது சும்மா பொம்ம. இட்லி துன்னியா?" என்றார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் இடுப்பில் ஏறிக்கொண்டது.

அத்தோடு முடிந்ததா? தகப்பனார் நேராக வரவேற்பு மேசைக்குப் போனார். "அந்தம்மா ஒரிஜினல் வில்லேஜ் இல்ல, மெட்ராஸ்காரங்க. ஏமாத்துறீங்க" என்றார். அன்றைக்கே கன்னியம்மாவுக்கு வேலை போயிற்று. அவர் மேலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் பொறந்த ஊடு உங்க நீச்சல் குளம் கீற எடத்துல தான் சார் இருந்திச்சு. நான் ஒரிஜினல் இல்லன்னா, யார் சார் ஒரிஜினல்?"

அதற்குப் பதில் இன்றைக்காவது வருமா என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். திரும்பிப் பாருங்கள், பச்சைச் சேலை.  கேலி பேசத்தான் வந்தேன், அன்பர்களே, இதை மட்டும் கேலியாகச் சொல்ல வரவில்லை.

இப்போது அந்த மைக்குக்கு வருகிறேன், மேலாளர் அவர்களே. தாங்கள் அம்பத்தூரில் பிறந்தவர், அம்பத்தூரில் வளர்ந்தவர். ஒயர் லூசானது. பதறிய வாயிலிருந்து 'நல்லாருக்கீகளா' வந்ததா? 'என்னங்கய்யா இது' வந்ததா? இன்னா வந்தது. கீது வந்தது. பாத்துகினு வந்தது. யாராவது தங்களை வேலையை விட்டு அனுப்பினார்களா? அனுப்பக் கூடாது. அது தங்கள் வாய்க்குத் தாய் வைத்த தமிழ். அதே தமிழ் தங்கள் வாயில் வந்தால் பதற்றம், கன்னியம்மா வாயில் வந்தால் குற்றமா?

கைதட்டல் போதும், சற்றுப் பொறுங்கள். மேலாளர் தலையை ஆட்டுகிறார். ஐயா, தலையாட்டல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தெரியாது. மைக் இப்போது நன்றாகத்தான் வேலை செய்கிறது, வாருங்கள்.

மேலாளர் மைக்கில் சொன்னதைக் கேட்டீர்களா? "நாளைக்கு வேலைக்கி வந்துடுமா. உனக்கு இன்னா வருதோ அதப் பேசு." இதைவிட நல்ல வாழ்த்துரையை நான் வழங்க முடியுமா? கன்னியம்மா ஏதோ சொல்கிறார், அமைதி, அமைதி. "வரேன் சார். மொதல்ல இந்தக் கயித்த அவுக்கச் சொல்லு. எவ்ளோ நேரம் நின்னுகினே கீறது?"

கயிற்றை அவிழ்க்கிறார்கள். இனி என் பேச்சுக்கு இங்கே வேலை இல்லை. பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட மேலாளருக்கும், அலறி உதவிய மைக்குக்கும் என் நன்றி. மேடைத் தமிழில் விடைபெறுவதுதான் என் வழக்கம். இன்றைக்கு இந்த ஊர்த் தமிழில் வரவேற்றுவிட்டு அமர்கிறேன், உச்சரிப்பில் பிழை இருந்தால் கன்னியம்மா திருத்தட்டும். இன்னா, எல்லாரும் அங்கியே நின்னுகினு கீறீங்க? உள்ள வந்து குந்துங்க. வணக்கம்.