நானூற்றுப் பதினெட்டாம் படம்

காலை ஐந்து ஐம்பது. மேம்பாலத்தை ஒட்டிப் போகும் சாலை. ஆள் இல்லை, வண்டி இல்லை. பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரையிலிருந்து சொட்டு… சொட்டு… என்று, இரவு பெய்த மழை மட்டும் போக மனமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"காலையிலயா? பேய்க் கதைன்னுதானே சொன்னீங்க?" என்றார் கணக்கு வாத்தியார்.

கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே மூச்சு விடாமல் நின்றிருந்தது. எங்கள் மாடிக்காரர்களும் கீழ்வீட்டுக்காரர்களும் படிக்கட்டில், ஒரே ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி, முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பேய்க்கு நைட் டூட்டி மட்டும்தான்னு யார் சார் சொன்னது?" என்றேன்.

நடந்தது எனக்கில்லை. என் தோழியின் நாத்தனார் வீட்டுக்காரருக்கு. போட்டோக்காரர். கேள்விப்பட்டதை நாலு இடத்தில் விசாரிக்காமல் நான் வாய் திறக்க மாட்டேன். அதற்கு இந்தக் கட்டடத்தில் சிலர் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

அவருக்குப் பிழைப்பு பாஸ்போர்ட் படம். ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் வெளியே போக வேண்டிய அளவில் ஒரு கடை. "தோளை இறக்குங்க… தாடை கொஞ்சம் மேல… கண்ணை மூடாதீங்க. மூடிட்டீங்க. இன்னொண்ணு எடுப்போம்." நாள் முழுக்க இதே பாட்டு. தூக்கத்திலும் 'கண்ணை மூடாதீங்க' என்று உளறுவாராம். "தூங்கறப்போ கண்ணை மூடாம பின்ன கதவையா மூடுவேன்?" என்பாளாம் அவர் மனைவி.

ஆனால் அவருடைய பித்து வேறு. விடியும் வெளிச்சத்தில் தெருவில் போகிற வருகிறவர்களைப் படம் எடுப்பார். முன்பின் தெரியாதவர்களை. எடுத்ததும் ஓடிப் போய் ஒரு மஞ்சள் சீட்டைக் கையில் திணிப்பார். அதில் கடையின் முத்திரை, அந்த வருஷத்துப் படத்தின் எண். "உங்க படம்ங்க. எப்ப வேணும்னாலும் வாங்க, சும்மாவே தர்றேன்."

பதினோரு வருஷம். ஒருத்தர் வந்து கேட்டதில்லை.

"காசு கேப்பானோன்னு பயந்திருப்பாங்க," என்றாள் கீழ்வீட்டு அக்கா.

"சும்மான்னு சொன்னா இன்னும் பயம்," என்றார் வாத்தியார்.

"சட்டைப் பையிலயே கெடந்து துணியோட துணியா துவைபட்டுப் போயிருக்கும்," என்றது மேல்படியிலிருந்து ஒரு குரல்.

எனக்குக்கூட ஒரு சீட்டு கொடுத்தார். காய்கறிப் பையோடு, தலை வாராமல் நின்றிருந்தேன். அந்தக் கோலத்தை நானே போய்க் கேட்டு வாங்கி வீட்டில் மாட்டுவேனா? ஆனால் போட்டோக்காரர் சொல்லும் காரணம் இது எதுவும் இல்லை. "என் மூஞ்சி என்கிட்டத்தானே இருக்கு, எங்க போயிடப் போகுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நாளைக்கு வாங்கிக்கலாம்னு போறாங்க. நாளைக்குன்னு ஒண்ணு இருக்கிறவங்க கேக்கவே மாட்டாங்க."

யாரும் கேட்பதில்லை என்பதால் அவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். தொண்ணூறு நாள் காத்திருப்பார். தொண்ணூற்றோராம் நாள் அழித்துவிடுவார். கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமே.

சரி… அந்தக் காலை ஐந்து ஐம்பதுக்கு வருகிறேன்.

போட்டோக்காரர் பாலத்தூணுக்குப் பக்கத்தில் கேமராவின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் வாடை வந்தது. கிரீஸ் வாடை… பழைய, கனத்த, இரும்போடு ஊறிய கிரீஸ். பிறகு சத்தம். கிளிங்… கிளிங்… சாவி வளையம் இடுப்பில் இடிக்கிற சத்தம்.

நிமிர்ந்தார். நிறுத்தத்தில் ஒருவர் நின்றிருந்தார். நீலச் சட்டை. இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை. கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் சீட்டு.

"படம் வாங்க வந்தேன்."

போட்டோக்காரருக்கு நெஞ்சு அடைத்துவிட்டதாம். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். பதினோரு வருஷத்தில் முதல் ஆள்! 418 என்று எண்ணைப் பார்த்துக்கொண்டு, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று கடைக்கு ஓடினார். தேடினார்.

418 எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அழித்து ஒரு மாதம்.

மறுநாள் அதே நேரம். அதே வாடை. கிளிங்… கிளிங்…

"படம்."

"தேடிட்டிருக்கேண்ணே." வாய் கூசாத பொய்.

மூன்றாம் நாளும் அவர் நின்றார், கூரைக்கு வெளியே. மழை தூறிக்கொண்டிருந்தது. சட்டையில் மட்டும் ஒரு துளி ஈரம் இல்லை. அதைப் போட்டோக்காரர் அப்போது கவனிக்கவில்லை. உலகத்தையே கவனிக்கிறவர்… அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணே, அந்தப் படம் சரியா வரலை. இப்ப இன்னொண்ணு எடுத்துடறேன். அப்படியே நில்லுங்க. கண்ணை மூடாதீங்க."

அவர் நின்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "எனக்கில்லைங்க… பாப்பாவுக்கு."

க்ளிக்.

கேமராவின் திரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஒரு கம்பம். ஈரச் சுவர். அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தார். அங்கேயும் அவ்வளவுதான். பெஞ்சின் மேல் மஞ்சள் சீட்டு. அதில் ஒரு பெருவிரல் அடையாளம், கிரீஸில்.

கீழ்வீட்டு அக்கா தன் கால்களை மேல்படிக்கு இழுத்துக்கொண்டாள். வாத்தியார் மெழுகுவத்தியைத் தன் பக்கம் நகர்த்தினார். வெளிச்சத்துக்காம்.

அந்த முனையில் பேப்பர் விற்கிறவருக்குத் தெரிந்திருந்தது. "நீலச் சட்டை, இடுப்புல சாவியா? லிஃப்ட் மெக்கானிக்குங்க. நாலு மாசம் ஆச்சே. லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவி அவர்கிட்டதான் இருக்கும். ஒரு கட்டடத்துல கதவைத் திறந்து கால் வச்சாரு… லிஃப்ட் வேற மாடில நின்னிருக்கு." பேப்பர்காரர் வீட்டு விலாசமும் சொன்னார்.

எந்த நாள் என்று கேட்டார் போட்டோக்காரர். 418 எடுத்த அதே நாள்.

மூன்றாம் மாடி, இரண்டு அறை. மெக்கானிக்கின் மனைவி கதவைத் திறந்தாள். அவள் சேலைக்குப் பின்னால் நாலு வயசுப் பெண் ஒன்று. சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தது. ஆணியில் எதுவும் இல்லை.

மஞ்சள் சீட்டைப் பார்த்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதைத்தான் அண்ணா எல்லாச் சட்டையிலும் தேடினேன்."

அன்றைக்கு வேலைக்குப் போகிற வழியில் போன் பண்ணியிருக்கிறார். 'ஒரு ஆளு என்னைப் போட்டோ எடுத்தான்டி! என்னை! கண்ணை மூடிட்டேனோன்னு ஒரு சந்தேகம். சாயங்காலம் போய்ப் பாக்கறேன், நல்லா இருந்தா வாங்கிட்டு வர்றேன்.' சாயங்காலம் அவரையே வாங்கி வரும்படி ஆயிற்று.

"வேற படமே இல்லையாம்மா?"

கல்யாண ஆல்பம் பழைய வீட்டில் வெள்ளத்தோடு போயிற்றாம். அவள் தன் போனைக் காட்டினாள். நூற்றுக்கணக்கில் படங்கள். அவள் சிரிக்கிறாள், குழந்தை சாப்பிடுகிறது, குழந்தை தூங்குகிறது. "எல்லாம் அவர் எடுத்தது. எடுக்கிறவர் எப்படி அண்ணா உள்ள வருவாரு?" ஒன்றில் மட்டும் தரையில் ஒரு நிழல் விழுந்திருந்தது. கம்பெனி அட்டையில் ஒரு முகம் இருந்தது. பதினெட்டு வயசு, மீசை முளைக்காத பையன். அதைக் காட்டினால் குழந்தை 'இது யாரு?' என்கிறதாம். "இன்னும் ஆறு மாசம் போனா அவருக்கு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு இவளுக்கு மறந்துடும். நீங்க அந்தப் படத்தைக் குடுத்துட்டா போதும்."

அழித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? "தேடித் தர்றேம்மா," என்று எழுந்து வந்துவிட்டார். செத்தவருக்குச் சொன்ன அதே பொய்.

கடைக்கு வந்து பைத்தியம் பிடித்தவர் போலத் தேடினார். அந்த நாளின் படங்கள் எல்லாமே போயிருந்தன, ஒன்றைத் தவிர. ஒரு பெண் குடையை உதறுகிற படம். துளிகள் வட்டமாகப் பறக்கும். பிடித்துப்போய், கடை முகப்புக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். (அவளும் கேட்கவில்லை என்பது வேறு கதை.) தினமும் பார்க்கிற படம். அன்றுதான் அவளுக்குப் பின்னால் பார்த்தார். தூரத்தில், கலங்கலாக… பேருந்து நிறுத்தம். நீலச் சட்டை. இடது தோளில் கறை.

முதுகு.

அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துப் போனார். இந்த முறை உண்மையையும் சொல்லிவிட்டார். "முகம் இருந்த படத்தை நான்தான் அழிச்சேன்மா. யாரும் கேக்க மாட்டாங்கன்னு."

"நாங்களும் கேக்கலையே அண்ணா," என்றாள். கண்ணாடி மேல் அந்தக் கறையைத் தடவினாள். "எத்தனை சோப்பு போட்டிருக்கேன் இதுக்கு. போகவே போகாது."

ஆணியில் படம் ஏறியது. குழந்தை அண்ணாந்து பார்த்தது. "அப்பா ஏன் அந்தப் பக்கம் பாக்கறாரு?"

பஸ் வருதான்னு பார்க்கிறார் என்றாள் அம்மா. குழந்தைக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து தினமும் தூங்கும் முன்னால் படத்துக்கு நேராக நின்று கூப்பிடும்: "அப்பா… இந்தப் பக்கம் திரும்பு."

ஒரு மாதம் கழித்து அவள் போட்டோக்காரருக்குப் போன் செய்தாள். "அண்ணா, படத்துல முன்ன காது தெரிஞ்சுதா?"

"ஈரம் ஏறியிருக்கும்," என்றார் வாத்தியார். "காகிதம் சுருங்கினா…"

"ஈரம் ஏறினா முதுகுல காது முளைக்குமா சார்?"

அவர் மெழுகுவத்தியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

போட்டோக்காரர் கடையில் ஒட்டியிருந்த குடைப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைப் படத்தில் முழு முதுகு. ஆணியில் தொங்கியதில் ஒரு காது. அதற்கடுத்த மாதம் கன்னத்தின் ஓரம்.

சொன்னதை நம்பிவிட நான் என்ன இளிச்சவாயா? தோழியையும் நாத்தனாரையும் கிளப்பிக்கொண்டு அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு நானே போனேன். 'இந்தப் பக்கம் வந்தோம், தண்ணி தாகம்' என்று ஒரு சாக்கு. தண்ணீர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே பார்த்தேன். பாதிக் கன்னம். மீசையின் நுனி. மூக்கின் கோடு. கிட்டே போனேன்… கண்ணாடியில் கிரீஸ் வாடை அடித்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு ஆளுக்கு எனக்கென்னக்கா பயம்?" என்றாள். தலை வாரி, பூப்போட்ட புடவை கட்டி, ரயிலடிக்கு யாரையோ அழைக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள். "இன்னும் கொஞ்சம்தான். கண்ணு தெரிஞ்சுட்டா போதும். அவர் கண்ணு நல்லா இருக்கும்."

இது போன மாதம்.

"அப்புறம்?" என்றாள் கீழ்வீட்டு அக்கா.

நேற்று நாத்தனார் பேசினாள். திரும்பிவிட்டாராம். முழுவதுமாக. நெற்றி, மீசை, தாடையில் இருந்த சின்ன வெட்டு, எல்லாம் அப்படியே இருக்கிறதாம்.

கண்கள் மூடியிருக்கின்றனவாம்.

போட்டோக்காரர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, பழக்க தோஷத்தில், "இன்னொண்ணு எடுப்போம்" என்று சொல்லிவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாராம்.

பாப்பா அழவில்லை. அது இப்போது தினமும் புதிதாக ஒன்று சொல்கிறது. படத்துக்கு நேராக நின்று… மெதுவாக… தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி: "அப்பா, கண்ணைத் திற."

அந்த நேரத்தில் அவள் அம்மா எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாளாம். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.