மௌரீனோட மூணு நிமிஷம்

ஒருத்தர் கூட இல்லம்மா. ஒரே ஒருத்தர் கூட. மணி என்ன இப்போ, ஏழே காலா? ஆறே முக்கால்ல இருந்து இந்த செட்டு முன்னாடி உக்காந்துட்டு இருக்கேன், ஒரு ஈ காக்கா குட் ஈவினிங் சொல்லல. பாட்டு பாடிப் பாத்தேன், க்ரோஷா போட்டுப் பாத்தேன், பொழுது நகரல. நீ ஏன் வாசல்லயே நிக்கிற? கதவு தொறந்து தானே கெடக்கு, வா. கூத்கோ, உக்காரு. ரெண்டாவது மாடிக்குப் புதுசா வந்த பொண்ணு தானே நீ? ரக்ஷிதாவா? நல்ல பேரு. தமிழ் புரியுமில்ல? புரியாத எடத்துல கைய தூக்கு, கன்னடத்துல சொல்றேன்.

என்ன கேட்ட? காவேரி தண்ணி எத்தன மணிக்கு வரும்னா? சொல்றேன், சொல்றேன். லிங்கராஜபுரத்துல இருந்துட்டு தண்ணி எங்க ஓடிப் போயிடப் போகுது. நான் மௌரீன். ஆன்ட்டின்னு கூப்பிடு, போதும்.

இத பாக்குறியா? இது ஹாம் ரேடியோ. கவர்மென்ட் லைசென்ஸ் இருக்கு, பரீட்ச எழுதி பாஸ் பண்ணினது, சும்மா இல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் அடுத்தவங்க பேசறதுக்கு கனெக்ஷன் குடுத்துட்டு உக்காந்திருந்தேன். ரிட்டயர் ஆனதும், போதும்டா சாமி, இனி நாம பேசலாம்னு இதுல எறங்கினேன். தெனமும் சாயந்திரம் ஏழு மணிக்கு நாங்க நாலு பேரு, அஞ்சு பேரு ஒரே ஃப்ரீக்வென்சில வந்து பேசிப்போம். இதுக்கு நெட்டுன்னு பேரு. உங்க இன்டர்நெட் இல்ல, இது வேற. நான் தான் கண்ட்ரோல். யாரு மொதல்ல பேசணும், யாரு அப்புறம் பேசணும்னு நான் தான் சொல்லணும். க்ளாஸ் லீடர் மாதிரின்னு வெச்சுக்கயேன்.

போன் மாதிரி கெடயாது, கேட்டுக்க. மைக்குல ஒரு பட்டன் இருக்கும். அத அழுத்தினா நாம பேசறது எல்லாருக்கும் கேக்கும். விட்டாத்தான் அவங்க பேசறது நமக்குக் கேக்கும். ரெண்டும் சேந்து நடக்காது. ஒருத்தர் அழுத்திப் பிடிச்சுட்டாங்கன்னா மத்தவங்க எல்லாம் வாயப் பொத்திட்டு உக்கார வேண்டியது தான். அதனால மரியாதயா பேசிட்டு, மரியாதயா விட்டுடணும். கொத்தாய்த்தா, புரிஞ்சுதா? அதான், அந்த மரியாத ஒருத்தருக்கும் இல்ல. அதுல தான் சண்டயே.

இரு, இந்தக் குஷன கொஞ்சம் நகத்திக்கறேன். இடுப்பு வலிக்கு ஆகும்னு இன்னிக்குக் காலைல தான் மாஸ்க் ரோட்டுல வாங்கிட்டு வந்தேன். பஞ்சுங்கறான் கடைக்காரன். உள்ள கல்லா வெச்சிருக்கான், கட்டயா வெச்சிருக்கான் தெரியல, உக்காந்ததுல இருந்து குத்திட்டே இருக்கு.

எங்க விட்டேன்? சண்ட. ஹெர்பர்ட்டுன்னு ஒருத்தன், பிரேசர் டவுன்ல இருக்கான். நானும் அவனும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒரே ஸ்கூலு. இந்த செட்டே அவன் குடுத்தது தான். அவன் பொண்டாட்டி ஐரினும் நானும் சர்ச் கொயர்ல பக்கத்துப் பக்கத்துல நின்னு பாடினவங்க. அவ போயிச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஹெர்பர்ட்டுக்கு சுடுதண்ணி வெக்கக் கூடத் தெரியாது. இப்போ ஐரின் கையால எழுதி வெச்ச சமயல் நோட்டு ஒண்ண எடுத்து வெச்சுக்கிட்டு பக்கம் பக்கமா சமைக்கிறான். சமைக்கட்டும், யாரு வேணாங்கறாங்க. ஆனா சமைச்சத தெனமும் நெட்டுல வந்து சொல்றான்மா. வெங்காயம் உரிச்சதுல இருந்து. இருவது நிமிஷம். நடுவுல இருமல் வேற. அந்த இருமலுக்கு மட்டும் தனியா ஒரு கால்சைன், அதான் எங்க ரேடியோ பேரு, குடுக்கலாம்.

அப்புறம் முனிகிருஷ்ணன். ஹெப்பகோடில இருந்து பேசுவாரு. தங்கமான மனுஷன், ஆனா ஏழரைக்கு சுகர் மாத்திர போட்டுட்டு சாப்பிடணும். ஹெர்பர்ட்டு கொழம்பு கொதிக்கிற வரைக்கும் இவரு எப்படிம்மா காத்திருப்பாரு? எங்கிட்ட தனியா போன் பண்ணி, மேடம், எதாவது ரூல் போடுங்கன்னாரு. இந்த சுகர்க்காரரு யோக்கியதயும் கேளு, நமக்குள்ள இருக்கட்டும். பழைய ஷூ டப்பாவுல மைசூர்பாகு ஒளிச்சு வெச்சு, பீரோவுக்கு மேல போட்டிருக்காரு. தெனம் ஒண்ணு. அவரு சம்சாரம் பாஞ்சாலிக்குத் தெரியாது. அந்தம்மா சமையக்கட்டுல இருந்துகிட்டே நெட்டு முழுக்கக் கேப்பாங்க, ஒண்ணு விடாம. அதனால நான் ஏர்ல, ரேடியோவுல, ஒரு வார்த்த மூச்சு விட்டதில்ல. ரகசியம்னா மௌரீன் வயித்துல தான் இருக்கும்.

சரி, ரூல் போட்டேன். ஆளுக்கு மூணு நிமிஷம். தக்காளி மாதிரி ஒரு டைமர், கிச்சன்ல வெக்கறது, அத திருகி வெச்சேன். போன வியாழக்கிழம மொதல் நாளு. ஹெர்பர்ட்டு வந்தான். ஐரின் நோட்டுல மீன் கொழம்பு பக்கம் வந்திருக்கேன்னான். அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சில்ல அவ என்னமோ எழுதியிருக்கா, மௌரீன், நீ கண்டிப்பா கேக்கணும், கேக்குறியான்னு கேட்டு, பட்டன விட்டான். அதே செகண்டு தக்காளி கிர்ருன்னுச்சு. நான் என்ன பண்ணினேன்? டைம் ஓவர், அடுத்தது முனிகிருஷ்ணன்னு சொல்லிட்டேன்.

அவன் சரி, செவன்ட்டி த்ரீன்னு மட்டும் சொன்னான். எங்க பாஷயில அது போயிட்டு வரேன், நல்லா இருங்கன்னு அர்த்தம். நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போனவன் தான். அஞ்சு நாளாச்சு, ஆளக் காணோம்.

அய்யோ, உனக்கு ஒரு டீ கூடக் குடுக்கல பாரு. உக்காரு, கொதிக்க வெச்சது தான் இருக்கு, ஊத்திட்டு வந்துடறேன். பேசிட்டே இரு, எனக்கு இங்க கிச்சன்ல கேக்கும்.

என்னது? யாரோ கத்துறாங்களா? இந்த எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. மேல் வீட்டு மஞ்சுநாத்தா இருக்கும், டிவில கிரிக்கெட் பாத்தா அப்படித்தான் கத்துவான். எம் பேரச் சொல்றாங்களா? மௌரீன், மௌரீன்னா? மஞ்சுநாத்து எதுக்கு எம் பேரச் சொல்றான். ரேடியோவுலயா? நெஜமாவா? இரு இரு, வந்துட்டேன், இந்தா டீயப் பிடி, நான் உக்காந்து நிதானமா கேக்கறேன்...

எங்க? ஒண்ணுமே இல்லயே. கொஞ்சம் சும்மா இரு, கேப்போம்.

பாத்தியா, ஒண்ணுமில்ல. உன் காதுல ஏதோ விழுந்திருக்கு. எனக்கும் முந்தா நாளு இப்படித்தான், குக்கர் சத்தம் ஹெர்பர்ட்டு இருமற மாதிரியே கேட்டுச்சு, ஓடி வந்து பாத்தேன்.

செவப்பு லைட்டா? அது எரியத்தான் செய்யும், பவர் லைட்டா இருக்கும். கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல, இங்க இருந்து எனக்கு எல்லாமே ஒரே கலர். செட்டு சூடாவா இருக்கு? தோச சுடலாம் போல இருக்கே. பழைய செட்டும்மா. சர்வீஸ் பண்ற தம்பி சொல்றான், புதுசு வாங்குங்க ஆன்ட்டி, அதுல எல்லாம் மூணு நிமிஷத்துக்கு மேல விடாம பேசினா தானாவே கட் ஆயிடும்னு. எனக்கு எதுக்கு அது? நான் என்ன மூணு நிமிஷத்துக்கு மேலயா பேசறேன்?

நேத்து என்ன ஆச்சுன்னு கேளு. முனிகிருஷ்ணன் ஏர்லயே சொல்றாரு, மேடம், நீங்க ஹெர்பர்ட் சார் கிட்ட ஒரு சாரி சொல்லிட்டா நல்லா இருக்கும்னு. நானா? ரூலு கேட்டது யாரு? இவரு தானே? நியாயம் கேட்டவரு நல்லவரு, தீர்ப்பு சொன்னவ கெட்டவளா? வந்துச்சே கோவம். கையில இருந்தத அப்படியே சேர்ல விட்டெறிஞ்சுட்டு எழுந்து போயிட்டேன். அதான் இன்னிக்கு ஒரு முடிவு பண்ணினேன். நானா கூப்பிடக் கூடாது. மைக்கத் தொடவே கூடாது. ஏழு மணி ஆனதும் மௌரீன காணோமே, ஒடம்புக்கு என்னமோன்னு ஒருத்தராவது கேக்கறாங்களா பாப்போம்னு உக்காந்தேன்.

ஒருத்தர் கேக்கலம்மா. பத்து வருஷத்துல இப்படி ஒரு நாளு கெடயாது. மழ பெஞ்சாலும் எவனாவது ஒருத்தன் இருப்பான். எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு வேற ஃப்ரீக்வென்சிக்குப் போயிட்டாங்க, எனக்குத் தெரியும். அந்தக் கெழவி இல்லாம நிம்மதியா பேசலாம்னு. ஹெர்பர்ட்டு அங்க இருவது நிமிஷம் என்ன, ரெண்டு மணி நேரம் கொழம்பு வெக்கலாம்.

டீ ஆறுது, குடி.

உங்கிட்ட சொல்றதுக்கு என்ன. நாளைக்கு நீ இதப் போயி அவங்ககிட்ட சொல்லப் போறதில்ல. தப்பு எம்மேல தாம்மா. ரூலு போட்டது தப்பில்ல. ஆனா அவன் கேக்குறியான்னு கேட்டான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் கேக்கறேன், சொல்லுன்னு சொல்லியிருக்கணும். ஐரின் எழுதி வெச்சதப் படிக்க அவனுக்கு வீட்டுல வேற ஆளு இல்ல. அவன் இருவது நிமிஷம் பேசறது கொழம்பப் பத்தி இல்லன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சு தான் தக்காளியத் திருகினேன், பாவி. அஞ்சு நாளா அந்த இருமல் சத்தம் கேக்காம எனக்கு சோறு எறங்கல. ஏழு மணி எப்போ ஆகும்னு இருந்தவளுக்கு ஏழு மணி வந்தா கடிகாரத்தப் பாக்கவே பிடிக்கல.

போன் பண்ணலாம் தான். ரெண்டு தடவ எடுத்தேன். வெச்சுட்டேன். அவங்கிட்ட சாரின்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆறாங்கிளாஸ்ல அவன் பேனாவ ஒடச்சதுக்கே நான் இன்னும் சொல்லல.

சரி விடு, நீ தண்ணி கேட்டு வந்த. அதுக்கு முன்னாடி, எல்லாத்துக்கும் காரணமான அந்தத் தக்காளிய நீ பாக்கணும். அந்த ஷெல்ஃப்ல தான் கெடக்கு, எழுந்து எடுத்துக் காட்டறேன் இரு...

யாரது?

ஹெர்பர்ட்டு. ரக்ஷிதா, ஹெர்பர்ட்டு குரல்மா இது. என்ன சொல்றான்? உக்காராதன்னா? மௌரீன், தயவுசெஞ்சு திரும்ப உக்காந்துடாதங்கறானா? எங்க வீட்டுல நான் உக்காந்தா இவனுக்கு என்ன... மைக்கு எங்க? கொக்கியில இல்லயே. ஒயரப் பாரும்மா, எங்க போகுது? சேருக்கா? குஷனுக்கு அடியிலயா...

கர்த்தரே.

அப்போ நான் உக்காந்திருந்தது... அந்த செவப்பு லைட்டு...

நீ கேட்டது நெஜம் தானா அப்போ. நான் டீ ஊத்தப் போனப்போ எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிட்டிருக்காங்க. நான் ஓடி வந்து திரும்பவும் மைக்கு பட்டன் மேலயே உக்காந்திருக்கேன். குடு, மைக்கக் குடு.

ஹெர்பர்ட், மௌரீன் பேசறேன். எப்போல இருந்து கேட்டுச்சு?

...பாட்டுல இருந்தாம்மா. ஆறே முக்கால்ல இருந்து. குஷனுக்குள்ள கொஞ்சம் அமுங்கின மாதிரி இருந்துச்சாம், ஆனா ஒரு வார்த்த விடாம புரிஞ்சுச்சாம். எத்தன நிமிஷம்னு எண்ணியிருக்கான் பாரு. டீ ஊத்தின நேரம் போக நாப்பத்தேழாம். ரூல் போட்ட கண்ட்ரோல் ஸ்டேஷன் நாப்பத்தேழு நிமிஷம்.

இது யாரு, முனிகிருஷ்ணனா? அய்யோ, அவரு இல்ல, பாஞ்சாலி. ஷூ டப்பா கெடச்சுடுச்சாம், ரொம்ப தேங்க்ஸாம். ஒன்பது துண்டு இருந்துச்சாம். முனிகிருஷ்ணன் இனி எங்கிட்ட பேசுவாராம்மா? பக்கத்துல நின்னுட்டு சிரிக்கிறாராம். வேற என்ன பண்ணுவாரு, பாவம்.

ஹெர்பர்ட், அந்த பேனா விஷயமும் கேட்டுச்சா? சரி. கேட்டாச்சுன்னா கேட்டாச்சு, இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பக்கத்து ஓரத்துல ஐரின் என்ன எழுதியிருந்தா? சொல்லு. நான் கேக்கறேன். பட்டன விட்டுட்டேன்.

...

மௌரீன் சொன்ன அளவு. நம்பாதே. புளி பாதி போதும்.

அடிப்பாவி ஐரின். எத்தன வருஷமா அந்தக் கொழம்ப எங்கிட்டயே, ஆகா மௌரீன், உன் அளவு தான், அப்படியே வெச்சேன்னு சொல்லி ஊத்தியிருக்கா. நான் பெருமயா ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டிருக்கேன்மா. இதத்தான் சொல்ல வந்திருக்கான் அன்னிக்கு. என்னய சிரிக்க வெக்க வந்திருக்கான். இரு, முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கறேன்.

போறியாம்மா? நில்லு. காவேரி தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாளு, காலைல அஞ்சு மணிக்கு. அர மணி நேரம் தான் வரும், அதுக்குள்ள பிடிச்சுக்கணும். இந்தா, இந்தத் தக்காளிய எடுத்துட்டுப் போ, உனக்கு ஆகும். திருப்பிக் குடுக்க வேணாம். ஹெர்பர்ட்டு இன்னிக்குப் பாதி புளி போட்டு கொழம்பு வெச்சுப் பாத்தானாம், அத மொதல்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சிருக்கான். இன்னும் மீன் வாங்க மார்க்கெட்டுக்கே போயிச் சேரல.