எழுதிய கையும் பேசிய வாயும்

மாஷ்பீ மொழிப் பள்ளியின் தட்டச்சு மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அரசியென வீற்றிருந்து, இன்று பணி நிறைவு காணும் பிழை பொறுக்காப் பெருந்தகையே, அயர்வறியா அன்புச் செல்வியே, லவீனியா கூம்ஸ் அம்மையீர், வணக்கம்.

நூற்றைம்பது ஆண்டுகள் எந்த வாயிலும் புழங்காமல், நிலப் பத்திரங்களிலும் பழைய வேதாகமத்திலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது அமெரிக்கப் பூர்வகுடிகளான நம் வாம்பனோவாக் மக்களின் மொழி. அந்தப் பழுப்பேறிய தாள்களிலிருந்து பொறுக்கியெடுத்த சொற்களை அகராதிச் சீட்டுகளில் அடித்துத் தந்தவர் தாங்கள். முதல் வாரமே 'கை' என்று ஒரு சீட்டு அடித்து, ஆசிரியர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். நம் மொழியில் வெறும் கை கிடையாது. என் கை, உன் கை, அவள் கை என்றுதான் உண்டு. அன்று பிடித்த கண்டிப்பு, பிறகு எங்கள் பிழை ஒன்றையும் தப்பவிடவில்லை. அதற்கு எங்கள் முதல் நன்றி.

ஆனால் அம்மையீர், சபையிலேயே சொல்கிறோம்: அத்தனை சொற்களை அடித்த தாங்கள் ஒன்றைக்கூட வாய்திறந்து பேசியதில்லை. வியாழன்தோறும் நாங்கள் சிப்பிச் சூப்போடு கூடிப் பேசும் மேசைக்கு அழைத்தால், "என்னை விடுங்கடி. எனக்குக் கைதான் ஓடும், வாய் ஓடாது. தப்பும் தவறுமாப் பேசி மூதாதைங்க மானத்தை வாங்கவா?" என்று சூப்பை மட்டும் வாங்கிக்கொண்டு நழுவிவிடுவீர்கள். அது எங்களுக்குத் தீராத வருத்தம்.

சென்ற பிப்ரவரியில், மழலை வகுப்பு மேவிஸ் பனிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கிய தாங்கள், தங்களை மறந்து நம் மொழியிலேயே கேட்டீர்கள்: "எங்கடி வலிக்குது கண்ணு? உன் கையா?"

அவள் தேம்பலை நிறுத்தினாள். "என் கை இல்ல, என் முட்டி. நல்லாப் பாருங்க" என்று அதே மொழியில் திருத்தினாள்.

வாசலில் நின்ற நாங்கள் அழுதுவிட்டோம். பிழையும் வந்தது, திருத்தமும் வந்தது. மூதாதையர் மானம் எங்கும் போய்விடவில்லை.

ஹெர்ரிங் மீன் ஆற்றிலேறும் வசந்தங்கள் பலவும், கிரான்பெர்ரி சிவக்கும் பருவங்கள் பலவும் கண்டு, குன்றா நலத்தோடு தாங்கள் நீடு வாழ்க.

கடைசியாக ஒன்று. ஏற்புரையை ஆங்கிலத்தில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தீர்கள். நம் நூலகர் டார்கஸ் அதை எடுத்துவிட்டாள். திருப்பித் தருவதாக இல்லை. எழுந்து நம் மொழியில் பேசுங்கள், அம்மையீர். பிழை வந்தால் திருத்த, முன்வரிசையில் மேவிஸ் உட்கார்ந்திருக்கிறாள்.

என்றும் நன்றியுடன்,
மொழிப் பள்ளிப் பணியாளர்கள்,
மாஷ்பீ