காலணியும் தெரிய வேண்டும்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டரம்மா. எனக்குச் சர்க்கரை ஆகாது என்று முன்பே சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். வால்பரைசோவில் அக்டோபர் காற்று இன்னும் எலும்பைக் கடிக்கிறது, சூடாக எது கிடைத்தாலும் நல்லதுதான்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். நிபால்டோவின் சாவை விபத்து என்று முடித்துவிட்டீர்களாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் எழுதியிருப்பதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. 'படமெடுத்தவர் பயன்படுத்திய லென்ஸ் ஜூம் வசதி இல்லாதது. ஆகவே இறந்தவர் பின்னால் நகர வேண்டியதாயிற்று.' ஒரு நல்ல லென்ஸைப் பற்றி இப்படியா எழுதுவது?

உங்களுக்கு இதில் பழக்கம் இல்லை என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். ஜூம் லென்ஸ் என்பது நின்ற இடத்திலேயே நின்று, வளையத்தைத் திருகி, ஆளைக் கிட்டே இழுப்பது. பிரைம் லென்ஸ் அப்படிச் செய்யாது. அதற்கு ஒரே பார்வைதான். முகம் பெரிதாக வேண்டுமா, நீ நடந்து பக்கத்தில் போ. முழு ஆள் வேண்டுமா, நீ நடந்து தள்ளி வா. கூடவே அதன் துவாரம் பெரியது. முழுக்கத் திறந்து வைத்தால் ஆள் மட்டும் தெளிவாக நிற்பான், பின்னால் உள்ளதெல்லாம் பனிமூட்டம் போலக் கரைந்துவிடும். முப்பது வருடம் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே நான் எதையும் நம்பியதில்லை. இதை நம்பினேன்.

எங்கள் மேட்டில் இருக்கும் புகைப்படக் கழகத்தைத் தொடங்கியவர் ஒனோஃப்ரே என்ற செருப்புத் தொழிலாளி. கழகத்துக்கு அவர் விட்டுப்போனவை இரண்டு. ஒன்று அவருடைய ஐம்பது மில்லிமீட்டர் பிரைம் லென்ஸ். இன்னொன்று ஒரு விதி. தலைவர் மாறும்போது பழைய தலைவர் புதிய தலைவரை அந்த லென்ஸில் படமெடுக்க வேண்டும், கடலைப் பார்த்த மேடையில், கம்பி வேலி ஓரமாக. படத்தில் காலணியும் தெரிய வேண்டும். தலையை வெட்டினாலும் மன்னிப்பார், காலணியை வெட்டினால் மன்னிக்க மாட்டார். அந்த மேடையின் மறுபக்கம் நீலத் தகரச் சுவர் ஒன்று இருக்கிறது. அதையொட்டித் தரையில் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார். படமெடுப்பவர் அங்கே நின்றால் வேலி ஓரம் நிற்பவர் உச்சி முதல் காலணி வரை சரியாக அடங்குவார்.

பதினான்கு வருடம் நான் தலைவர். வருடாந்தரப் போட்டியில் ஜூம் படங்களை அனுமதித்ததில்லை. நிபால்டோ டிராலி பஸ் ஓட்டுபவன், ஐந்து வருடத்துக்கு முன் கழகத்தில் சேர்ந்தான். கழுத்தில் எப்போதும் உலக்கை மாதிரி ஒரு ஜூம். வந்த முதல் வாரமே எல்லார் முன்னாலும் கேட்டான்.

"தலைவரே, கல்யாணத்துல நீங்க நடந்து போய் மாப்பிள்ளைகிட்ட சேர்றதுக்குள்ள அவருக்குக் கொழந்தையே பொறந்துருமே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் செப்டம்பரில், சுதந்திர தின விழாவில் என் மனைவி ஃப்ரெசியா காற்றாடி விட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது மீட்டர் தள்ளி நின்று நிபால்டோ அவளைப் படமெடுத்திருக்கிறான். தலை பின்னால் சாய்ந்து, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அதைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டிவிட்டாள். நான் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் பெட்டியில் கிடக்கின்றன. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க கேமராவோட கிட்ட வந்தாலே என் மொகம் இறுகிப்போகுதுங்க. அவரு எங்கயோ நின்னாரு. நான் பாட்டுக்குச் சிரிச்சேன்" என்றாள்.

இதை ஒரு காரணமாக எழுதிக்கொள்ள வேண்டாம். தினமும் மூன்று வேளை அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இந்த வருடத் தேர்தலில் நிபால்டோவுக்குப் பதினோரு கை, எனக்கு ஒன்பது. கழகத்தில் ஃப்ரெசியாவும் உறுப்பினர், பதினோராவதாக எழுந்த கை அவளுடையது. அதையும் ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

படமெடுக்கும் நாள் காலையில் மேடையைப் பார்த்துவரப் போனேன். அதற்கு முந்தின வாரம் யாரோ வேலியில் ஓர் ஆள் அகலத்துக்கு இரும்பை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கீழே முப்பது மீட்டர் இறக்கம், அப்புறம் பாறை. அக்கம்பக்கத்தார் அந்த இடைவெளியில் மஞ்சள் பிளாஸ்டிக் நாடா கட்டி வைத்திருந்தார்கள். மஞ்சள் கண்ணை உறுத்தும் நிறம், படத்தில் ஆளை விட்டுவிட்டு எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதோ இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கப்படி மற்றவர்கள் கழகத்தில் எம்பனாடாப் பலகாரமும் ஒயினும் எடுத்துவைத்துக் காத்திருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் படியேறினோம். நிபால்டோ வழியெல்லாம் தன் கேமராத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தான், துறைமுகத்துக் கப்பலில் ஒரு மாலுமி சவரம் செய்வதை இங்கிருந்தே எடுத்துவிட்டானாம். தூரத்தில் இருப்பது எல்லாம் அவனுக்குத் தெரியும். மேடைக்கு வந்ததும் தோளைப் பிடித்து, கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். புது ஷூ போட்டிருந்தான். பழுப்பு நிறம், நன்றாகத் துடைத்திருந்தான். ஒனோஃப்ரேக்குப் பிடித்திருக்கும்.

முதல் படத்தில் முழங்கால் வரைதான் வந்தது.

"தலைவரே, ஒரு எட்டு பின்னால போங்க" என்றேன். அன்றைக்கு அவன்தானே தலைவர்.

போனான். இரண்டாவது படத்தில் கணுக்கால் வரை.

"இன்னும் கொஞ்சம்."

"வேலி எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, எனக்கு முதுகுல கண்ணு இல்ல."

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஒரு எட்டு வைத்தான். "ஜூம் இருந்தா இந்நேரம் ரெண்டாவது எம்பனாடா தின்னுக்கிட்டிருப்போம்" என்றான். அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். மூன்றாவது படத்தில் காலணி இரண்டும் முழுதாக விழுந்திருக்கின்றன. இடது காலணி மட்டும் தரையில் இல்லை.

நான் உங்களிடம் முதலில் கொடுத்த வாக்குமூலம் நினைவிருக்கும். துவாரத்தை முழுக்கத் திறந்திருந்தேன், பின்னணி கரைந்திருந்தது, வேலி இல்லாதது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். ஆனால் அந்தப் படத்தைக் கையில் எடுத்தபோது, "கடலு, கப்பல் எல்லாம் என்ன சுத்தமா வந்திருக்கு" என்று பாராட்டினீர்கள். கழகச் சுவரில் இருக்கும் மற்றத் தலைவர்கள் படத்தைப் போய்ப் பாருங்கள், ஒன்றில்கூடக் கடல் தெரியாது. அன்றைக்கு மட்டும் துவாரத்தைப் பதினாறுக்குச் சுருக்கியிருந்தேன். அப்படிச் சுருக்கினால் பக்கமும் தூரமும் ஒரே தெளிவாக விழும். வேலியின் அறுந்த முனையில் துரு தெரிகிறது. நீங்கள் பாராட்டியபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

இதையெல்லாம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். பிரைம் லென்ஸ் ஆபத்தானது என்று ஒருமனதாகத் தீர்மானம். ஒனோஃப்ரேயின் லென்ஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, கீழே 'உயிர் குடித்த லென்ஸ்' என்று அட்டை வைத்திருக்கிறார்கள். அட்டையில் இருப்பது ஃப்ரெசியாவின் கையெழுத்து. என்னைத் தேற்ற வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள், "உங்க மேல என்னங்க தப்பு, ஜூமா இருந்திருந்தா அவன் பொழச்சிருப்பான்." ஆறு பேர் ஜூம் வாங்கிவிட்டார்கள். செத்தும் அவன்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறான்.

அறிக்கையைத் திருத்துங்கள். என் முதுகு சுவரில் முட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், நான்தான் அப்படிச் சொன்னேன். அது பொய். சிவப்புப் பொட்டிலிருந்து இரண்டு எட்டு முன்னால் நின்றிருந்தேன். என் பின்னால் இரண்டு எட்டு இடம் காலியாகக் கிடந்தது. படமெடுப்பவன்தான் நடக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான், அன்றைக்கு நான் நடக்கவில்லை. பேனா எழுதுகிறதா? சரி. அந்த லென்ஸ் ஒரு பாவமும் அறியாதது என்று முதலில் எழுதுங்கள். அன்று என் கையில் ஜூம் இருந்திருந்தாலும் அவனைப் பின்னால் போகத்தான் சொல்லியிருப்பேன்.