பழைய ரசீதுகள் என்ற ஃபோல்டர்

மச்சான், மெயில் பெட்டி ஒழுங்காக இருந்தால் பாதிக் கவலை குறையும் என்பது என் கட்சி. அதனால்தான் எங்கள் வீட்டில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. உங்கள் தங்கை கட்டட வரைபடம் போடுவதில் கெட்டிக்காரி. ஆனால் அவள் இன்பாக்ஸைத் திறந்தால் தலை சுற்றும். தள்ளுபடி விளம்பரம், பள்ளிக்கூட அறிவிப்பு, கரன்ட் பில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. எது எந்த ஃபோல்டருக்குத் தானாகப் போக வேண்டும் என்று நான்தான் ரூல் போட்டுக் கொடுத்தேன். "நீங்க இல்லன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று அவளே சொன்னாள். அன்று நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் உங்கள் தங்கைக்கு மறுபடி வேலைக்குப் போகும் ஆசை வந்தது. நான் தடுக்கவில்லை. தடுக்கிற ஆள் நான் இல்லை. விண்ணப்பத்தில் இருந்த பிழைகளைக்கூட நான்தான் திருத்தினேன். ஆனால் சாயங்காலம் நான் வரும்போது கதவைத் திறக்க ஆள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு ரூல் சேர்த்தேன். நேர்காணல் என்ற சொல் இருக்கிற மெயில், படித்ததாகக் குறியிடப்பட்டு, 'பழைய ரசீதுகள்' ஃபோல்டருக்குப் போய்விடும். அழிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தை அழிப்பது தப்பு.

இதில் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. எங்கள் மெயில் மென்பொருளில் ரூல் எந்தக் கம்ப்யூட்டரில் போட்டோமோ அதில் மட்டும்தான் ஓடும். அவள் லேப்டாப், ஹாலில் இருப்பது, மகள் பாடத்துக்கு வைத்திருப்பது என்று தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். கண் கெட்டுவிடும் என்று சொல்லி அவள் போனிலிருந்து மெயிலையே எடுத்துவிட்டேன். ஹால் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. அது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் போதும், வருகிற கடிதத்தை உடனே ஒதுக்கிவிடும்.

சில நாட்களில் அவள் வாடிப்போனாள். "முடியாதுன்னுகூட ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறாங்க. அவ்வளவு மட்டமாவா வரையறேன்?" என்றாள். முடியாது என்கிற கடிதத்திலும் 'நேர்காணலுக்கு அழைக்க இயலவில்லை' என்று அந்தச் சொல் இருந்ததால், அவையும் ஒதுங்கிப் போயிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து, 'வருந்துகிறோம்' என்று இருக்கிற கடிதங்கள் மட்டும் நேராக அவளிடம் வரும்படி ரூலைத் திருத்தினேன். வந்தன. படித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவை நல்ல மாலைப்பொழுதுகள்.

உங்கள் அலுவலகத்திலேயே இடம் இருப்பதாக நீங்கள் அவளுக்கு எழுதியபோது, உங்கள் பெயரையும் ரூலில் சேர்க்க வேண்டியதாயிற்று. பதில் ஏன் இல்லை என்று போனில் கேட்டீர்கள். "வேலைங்கற பேச்சை எடுத்தாலே அழறா மச்சான், இப்போ விட்டுடுங்க" என்றேன். அது பொய்யில்லை. அண்ணன்கூட ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று அவள் தன் வரைபலகையை எடைக்குப் போட்டது அதற்கப்புறம்தான்.

போன மாதம் உங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள், ஹால் கம்ப்யூட்டரும் அணைந்துவிட்டது. பொறுப்பானவள். உங்கள் கம்ப்யூட்டரில் அவள் தன் மெயிலைத் திறந்தால், ஒரு நேர்காணல் அழைப்பு நேராக இன்பாக்ஸில் உட்கார்ந்திருந்தது. முன்பு அனுப்பிய கடிதங்களுக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லையே என்று அதில் ஒரு வரி. அவள் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தாள். நான் பின்னால்தான் நின்றேன். "இவங்க எல்லாம் என்னை வேணும்னு கூப்பிட்டவங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை என்பதை நீங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். மறுக்கவில்லை. அவள் மகளோடு உங்கள் வீட்டிலேயே இருப்பதும், வேலைக்குப் போவதும் எனக்குச் சந்தோஷம்தான். தினமும் அவளுக்கு எழுதுகிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பதில் போடாமல் இருக்கிறவள் இல்லை அவள். புதுக் கம்ப்யூட்டரில் ஏதோ ரூல் தப்பாக விழுந்திருக்கிறது. அவள் மாற்றியிருக்கிற பாஸ்வேர்டை மட்டும் வாங்கி அனுப்புங்கள் மச்சான், நான் சரிசெய்து தருகிறேன்.