‘காலி’ என்று எழுதிய பலகை

எனக்கு டீயை ஆறவைத்துக் குடித்தால்தான் பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை மேடம். சூடாகக் குடிக்கத்தான் ஆசை. போட்டு எடுத்துக்கொண்டு உட்காரும்போது யாராவது கூப்பிடுவார்கள். போய்விட்டு வந்தால் மேலே ஏடு படிந்திருக்கும். நான்கு வருடமாக எனக்கு ஏடு படிந்த டீதான்.

கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும். இன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகெல்லாம் புண்ணாகிவிடும். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, வாய் மட்டும் மங்கவில்லை. இரண்டு பேரையும் துடைத்து, ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு ஆறரைக்கெல்லாம் பள்ளிக்கூட வண்டியில் நிற்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. வண்டியக்கா என்று கூப்பிடுவார்கள். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு ஓடுவேன். பன்னிரண்டரைக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் விட மறுபடியும் ஓட்டம். உடம்பு ஓய்ந்துபோய்விட்டது. மனசைப் பற்றி யார் கேட்டார்கள்?

கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். போன வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஓர் அம்மா மைக்கில் பேசினார். மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று. மூச்சை இழுத்து நாலு எண்ணி விடச் சொன்னார். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

“ஒரு நாள்ல நீங்க செய்யற வேலை எல்லாத்தையும் எழுதுங்க. எதை விட்டா ஒண்ணும் ஆயிடாதோ, அதை அடிச்சிடுங்க,” என்றார்.

நாற்பத்தொரு வேலை எழுதினேன். வீட்டுக்காரரை அடிக்க முடியுமா? மாமியாரை அடிக்க முடியுமா? தாளை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்றை அடித்தேன். அந்தப் பலகையை.

அது என்ன பலகை என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எல்லோரும் இறங்கியதும் ஆயா, அதாவது நான், வண்டியின் கடைசி வரை நடக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, பின் கண்ணாடியில் உள்ள கொக்கியில் ‘காலி’ என்று எழுதிய பலகையை மாட்ட வேண்டும். டிரைவர் அண்ணன் வெளியிலிருந்து பலகையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். மறுபடி பிள்ளைகள் ஏறும் முன் போய்க் கழற்ற வேண்டும். போகப் பதினெட்டு எட்டு வைக்க வேண்டும், வரப் பதினெட்டு. இடுப்பு போய்விடும்.

மூன்று வருடம் குனிந்து பார்த்ததில் எனக்குக் கிடைத்தவை தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைச் செருப்பு, தாளில் மடித்த ஒரு பால் பல். தூங்குமூஞ்சி இரண்டு தடவை கிடைத்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தூங்குமூஞ்சி என்பது நான் வைத்த பெயர். நாலரை வயது. ஏறியதும் கடைசி சீட்டுக்குப் போய்ச் சுருண்டுவிடுவாள். கூப்பிட்டால், “நான் தூங்கலக்கா, கண்ணை மட்டும்தான் மூடியிருக்கேன்,” என்பாள். அவள்மேல் எனக்கு ஆசைதான். அவ்வளவு நிம்மதியாகத் தூங்கும் ஒருத்தரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பலகையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டேன், கடைசி வரை நடந்து குனிந்து பார்ப்பதையும். பிள்ளைகள் நிறைந்திருக்கும்போதும் அது பின்னால் ‘காலி’ என்று தொங்கிக்கொண்டிருக்கும். பதினோரு மாதம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நல்ல வெயில். இறங்கும் முன் பிள்ளைகளையே கண்ணாடிகளை எல்லாம் மூடச் சொன்னேன், மூடுவது விதி. டிரைவர் அண்ணன் பலகையைப் பார்த்தார், பூட்டினார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள்.

வீட்டில் அதிசயமாக மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரைப் புரட்டிப் போட்டேன், அவரும் கண்ணை மூடிக்கொண்டார். டீ போட்டேன். தம்ளரைக் கையில் எடுக்கும்போது பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து போன்.

“யுகேஜி பாப்பா ஒண்ணு வரலைன்னு டீச்சர் சொல்றாங்க. வண்டில ஏறுச்சா?”

பெயரைச் சொன்னார்கள். யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காலையில் அவளைத் தூக்கி ஏற்றி ஷூ பக்கிளைப் போட்டுவிட்டவளே நான்தான். இறங்கும்போது அவள் தலையைத் தொட்ட ஞாபகம் இல்லை. எங்கே இருப்பாள் என்பதும் தெரிந்துவிட்டது.

“ஏறலையேம்மா,” என்றேன்.

உண்மையைச் சொன்னால் போதுமே, அங்கே இருப்பவர்களே ஓடித் திறந்திருப்பார்களே என்கிறீர்கள். சரிதான். ஆனால் பலகையை யார் மாட்டினார்கள் என்று கேட்பார்கள். எழுதிக் கொடு என்பார்கள். வேலை போகும், வேறு வேலை தேட வேண்டும். அது நாற்பத்திரண்டாவது வேலை. என்னால் முடியாது என்று தோன்றியது. மூச்சை இழுத்து நாலு எண்ணினேன். நல்ல தூக்கத்தில் இருக்கும் பிள்ளையை எதற்கு எழுப்ப வேண்டும், பன்னிரண்டரைக்கு நானே போய் எழுப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நமக்குத்தான் தூக்கம் கொடுத்துவைக்கவில்லை, அவளாவது தூங்கட்டும்.

டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். பிறகு சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். பகலில் தூங்கி எத்தனை வருடமாயிற்று என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டேகாலுக்குப் போனேன். அவளை எழுப்பப் பதினெட்டு எட்டும் நடக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டுதான் டிரைவர் அண்ணனைக் கதவைத் திறக்கச் சொன்னேன். நடக்க வேண்டியிருக்கவில்லை. அவளே அந்தத் தூரத்தை நடந்து வாசல் படிக்கு வந்திருந்தாள். ஒரு கால் ஷூவைக் கழற்றி அதை வைத்துக் கதவைத் தட்டியிருக்கிறாள். கதவின் உள்பக்கம் முழுக்க அந்தத் தடம் இருந்தது. கண்ணை மட்டும்தான் மூடியிருக்கிறாளோ என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

பலகையைக் கழற்றாமல் விட்டது நான். ஏறவில்லை என்று சொன்னதும் நான். தெரிந்தே சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய அம்மா வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் பாதி வாரிய தலையோடு, ஒரு கையில் பை, ஒரு கையில் பிள்ளை என்று மூச்சிரைக்க ஓடி வந்து ஏற்றிவிட்டு, அப்படியே பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். என்னை மாதிரியேதான் அவளும். பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருக்கும். அழுகை நின்றதும் அவளிடம் ஒன்று சொல்லுங்கள் மேடம். நாளைக் காலையில் அவள் ஓட வேண்டியதில்லை.