பாட்டு எப்ப ஆரம்பிக்கும், மாப்ள?

...அதுக்காக முழுப் பழியையும் என் தலையில போட்டா எப்படிங்க? நீங்களே சொல்லுங்க. ஐயய்யோ, சொல்லாதீங்க, வாய மூடிடாதீங்க! ஆ... அப்படியே. இன்னும் கொஞ்சம். போதும். பல்லுக்குள்ள எலி குடித்தனம் பண்ற அளவுக்குப் பொந்து. மெதுவாத்தான் சுரண்டணும்.

வெளியில உங்க பேர எழுதிக்கிட்டாங்களே, கண்ணாடி போட்ட அம்மா, அதுதான் என் சம்சாரம். அன்னிலேருந்து எங்கிட்ட பேச்சு கிடையாது. இப்ப உங்கள உள்ள அனுப்பும்போது ஒரு வார்த்த வந்துச்சா? கதவுல ரெண்டு தட்டு. அவ்ளோதான். ஊரு வாயெல்லாம் தொறக்கறவன் நான், சொந்தப் பொண்டாட்டி வாயத் தொறக்க வக்கில்ல.

எல்லாம் ஒரு இன்ட்ரோவால வந்த வினை.

என்ன முழிக்கறீங்க? கீபோர்டுங்க. வாசிக்கிற கீபோர்டு. எடது கையில ஒரு கார்டு, அதாவது மூணு கட்டைய ஒண்ணாச் சேத்து, பிடிச்சாப் போதும், டிரம்ஸ், பேஸ், கிட்டாரு எல்லாம் அதுவே கூட வாசிக்கும். அந்த வாசிப்புக்குப் பேரு ஸ்டைல். அதுல இன்ட்ரோன்னு ஒரு பட்டன். அமுக்கினா பாட்டுக்கு முன்னாடி ஒரு முன்னிசை வரும். கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தது இருக்கே... கண்றாவி! டும் டும், டிங், முடிஞ்சுது. லிஃப்ட் கதவு தொறக்கற மாதிரி.

நமக்குன்னு ஒரு ரசனை இருக்குல்ல? சொந்தமா செய்ய ஆரம்பிச்சேன். மொதல்ல டிரம்ஸ் பதியணும். அதுக்கு மேல பேஸ். அதுக்கு மேல வயலின் கூட்டம், அப்புறம் புல்லாங்குழல். ஒரே சுதியில பதிஞ்சு வச்சா, நாம எந்தக் கார்டு பிடிக்கிறோமோ அதுக்குத் தக்கன அதுவே நகந்துக்கும். ஆனா சோகமாக் கேக்கற மைனர் கார்டு பிடிச்சேன் பாருங்க... குழலு வாலு மிதிபட்ட பூன மாதிரி கத்துச்சு! அதச் சரி பண்றதுக்குள்ள... வலிக்குதா? இல்ல, அது மெஷின் தண்ணி. முழுங்கிடாதீங்க.

ஒருத்தருக்கு ஊசி போட்டு மரத்துப் போறதுக்குள்ள பின் ரூமுக்கு ஓடி வயலின் பதிவேன். ஒரு பாங்க் மேனேஜருக்கு மரத்தது தெளிஞ்சே போச்சு. மறுபடி ஊசி. கலைன்னா அப்படித்தாங்க.

எதுக்கு இவ்ளோ பாடு? மச்சான் கல்யாண ரிசப்ஷன். இவளோட ஒரே தம்பி. 'அக்கா, நீதான் பாடணும்'னு ஆசையாக் கேட்டான். அவளும் சமையக்கட்டு, குளியல் ரூமுன்னு பாடிப் பாடிப் பழகினா. எதோட? கம்பெனிக்காரனோட அந்த லிஃப்ட் கதவோட! நம்ம இன்ட்ரோவ சஸ்பென்ஸா வச்சிருந்தேன். மேடையில கேட்டு அசந்து போகட்டும்னு.

அசந்துதாங்க போனா. டிரம்ஸ் கெளம்புது, பேஸ் சேருது, ஜங்குன்னு ஒரு தட்டு தட்டி எல்லாம் நிக்கிது. அது சும்மா ஒரு பம்மாத்து நிறுத்தம். அதுக்கப்புறந்தான் வயலின் வெள்ளமா வரும். இவ என்ன பண்ணா? நின்ன எடத்துல பாட ஆரம்பிச்சுட்டா! மேல வயலின் பாய, சம்பந்தி வீட்டுக்காரங்க சிரிக்க... சரி, இன்னொரு சான்ஸ் குடுப்போம்னு மறுபடி இன்ட்ரோவ அமுக்கினேன்.

ரெண்டாவது வாட்டி பொறுமையா நின்னா. வயலினு, குழலு, எல்லாம் முடிஞ்சு அவ மூச்ச இழுத்தா பாருங்க... ஹாலே கை தட்டுச்சு. யாருக்கு? இன்ட்ரோவுக்கு! எனக்கு! அந்த நேரம் பாத்து வெரல்... எப்படின்னே தெரியலங்க... வெரலு தானா அந்தப் பட்டனுக்குப் போயிடுச்சு.

மூணாவது வாட்டி டிரம்ஸ் தொடங்கினதும் மைக்க என் கீபோர்டு மேல வச்சா. கீழ போனா. ஐஸ்கிரீம் எடுத்துக்கிட்டு உக்காந்துட்டா. மாமனாரு மேடைக்கிட்ட வந்து மெதுவாக் கேக்கறாரு, "பாட்டு எப்ப ஆரம்பிக்கும், மாப்ள?"

தம்பி மொகம் செத்துப் போச்சு. நான் என்ன பண்ண? பாடறவ இல்லியே. குழலு முடிஞ்சதும் நிறுத்திட்டேன்.

சரி, நீங்க வெளியாளு, நியாயம் சொல்லுங்க. போன்ல இருக்கு, போடறேன். எங்க பாடத் தோணுதோ அங்க கையத் தூக்குங்க. இதோ... டிரம்ஸ்... பேஸ் வருது பாருங்க... இப்ப ஜங்குன்னு...

என்னங்க? இங்கியேவா?

வலிக்குத் தூக்கினீங்களா, பாட்டுக்கா? ...பாட்டுக்கா.

ம்... அவளும் இங்கதாங்க வாயத் தொறந்தா.

அப்ப ரெண்டாந்தடவ... அதுவும் அவ சரியாத்தான நின்னா. மூணாவது... அத விடுங்க. இருங்க, வந்துடறேன்.

இந்தாம்மா! ...டோக்கன நீட்டாத, அது விஷயமில்ல. அந்த இன்ட்ரோ... வெட்டிடறேன். பாதியா... சரி, கால்வாசி. ...சரிம்மா, கம்பெனிக்காரனோடதே போடறேன். ...என்னது, தலைய ஆட்டற, அதுவும் வேணாமா? இன்ட்ரோவே இல்லாம எப்படி... சரி சரி, மொறைக்காத! ஞாயித்துக்கெழம தம்பி வீட்டுக்குப் போவோம். நீ நேராப் பாடு, அவன் ஒக்காந்து கேக்கட்டும். நான் உன் பின்னாலியே வாசிச்சுக்கிட்டு வரேன். பட்டன் பக்கமே போக மாட்டேன்.

சார், கேட்டீங்களா? பேசிட்டா சார்! 'போய்ப் பல்லப் பாருய்யா'ன்னா! 'ய்யா'ன்னா சார்!

சார்?

ஏம்மா, இப்பத் தாடையப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் போனாரா? கழுத்துல நம்ம துணியோட? ஐயோ, கூப்புடு, கூப்புடு! சுரண்டினதோட நிக்கிதும்மா, பொந்த இன்னும் அடைக்கவே இல்ல!